சுண்ணாம்பு காயாத தட்டு

இது கட்டுக்கதை அன்று. 1952 ஆடி மாதத்தில், திருவனந்தபுரம் பழவங்காடியில், பட்டப்பகலில் நடந்தது. பகவதியம்மாள் வாயால் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவள் கணவர் சிவதாணு பழம்பொருள் வியாபாரி. ஒரு வெள்ளிக்கிழமை விழிஞ்ஞத்திலிருந்து தட்டு ஒன்று கொண்டுவந்தார். பாரசீகத்து வேலை. மண்தட்டுதான். பொன்கலத்தில் உண்ணலாகாது என்னும் நெறியுடையோர், வெள்ளியும் செம்பும் கலந்து தீட்டி, புகையில் சுட்டுப் பொன்னொளி ஏற்றியது. விளிம்பில் அரபு எழுத்துகள். முதுகில் காய்ந்த சுண்ணாம்பு.

மகள் சரோஜம் அதைப் பித்தளை என்றே நினைத்தாள். புளியிட்டுத் தேய்த்தாள். சுண்ணாம்பு போயிற்று, ஒளியும் மங்கியது.

சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு பத்து. தட்டு பழையபடி மின்னியது. முதுகில் சுண்ணாம்பு... ஈரமாக.

பகவதியம்மாள் மகளைக் கடிந்தாள். அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் விடவில்லை. மறுபடி தேய்க்கச் சொன்னாள்.

ஞாயிறு, அதே நேரம். சர்ர்... சர்ர்... கொத்தனார் கரண்டி இழுக்கும் ஓசை. அறையில் ஒருவரும் இல்லை.

திங்கள். தட்டைத் தேய்த்த சரோஜத்தின் விரல்கள் சுண்ணாம்பில் வெந்து வெளுத்திருந்தன.

செவ்வாய். மணிக்கட்டு வரை.

கன்றைத் தொட்டால் பசுவும் புலிதான். அன்று காலை ஒன்பது மணிக்குப் பகவதியம்மாள் கணவரை மறித்தாள்.

"எங்கேருந்து எடுத்திய? பிள்ளை கையைப் பாத்துக்கிட்டுச் சொல்லணும்."

"வாங்கினேன்னு அன்னைக்கே பறஞ்சேனே."

"கையைப் பாருங்கோன்னேன்."

பார்த்தார். கல்லறைச் சுவரில் பதித்திருந்ததை உளியால் நெம்பி எடுத்ததாக ஒப்புக்கொண்டார்.

"செத்தவன் வீட்டுக் கதவைப் பேத்துக் கொண்டாந்திருக்கிய. உங்களுக்குச் சோறு ஒரு கேடா? எடுங்கோ. அது இருந்த எடத்துல வச்சாத்தான் எம் மக கை பிழைக்கும்."

பஸ்ஸில் வழிநெடுக அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

விழிஞ்ஞம். பகல் பன்னிரண்டு பத்து.

கல்லறைச் சுவரில் தட்டைப் பெயர்த்த குழி இல்லை. சுண்ணாம்பு அடைத்திருந்தது.

யார் அடைத்தது என்று பகவதியம்மாள் சீறினாள். கல்லறையைப் பேணும் கிழவர் அவளைவிடக் கோபமாகச் சிவதாணுவைப் பார்த்தார்.

"நாங்க ஆரும் அடைக்கல்ல, அண்ணாச்சி. நீரு களவெடுத்த அன்னைக்கே அடைஞ்சு போச்சு."

அவள் குனிந்து பார்த்தாள்.

வெளியிலிருந்து பூசினால் சுண்ணாம்பு உள்நோக்கி அழுந்தும்.

இது வெளிநோக்கிப் பிதுங்கியிருந்தது...