கியரின் கடைசிப் பல்

என் வீட்டுக்காரர் ஆரம்பாக்கத்தில் மெக்கானிக் கடை வைத்திருந்தார். சர்க்கரை வியாதியில் இரண்டு கை விரல்களும் மரத்துப்போன பிறகு கடையை மூடிவிட்டு வீட்டோடு கிடந்தார். யாராவது வண்டியோடு வந்தால் தலையை ஆட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். என்னோடு சண்டைகூடப் போடுவதில்லை. எனக்கோ வாய் சும்மா இருக்காது. தனியாளாகச் சண்டை போட்டு எனக்கே அலுத்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் அவருடைய பழைய கார் நின்றது, நாங்கள் பிறப்பதற்கு முன்பே ஓடிய வண்டி. அதை மட்டும் அவ்வப்போது கிளப்பிக் காது கொடுத்துக் கேட்பார். ஒரு நாள் எஞ்சினின் முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்து அப்படியே நின்றுபோனது.

"டைமிங் கியரு பூட்ச்சி. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார்.

கார் போனால் போகட்டும், இந்த மனுஷனும் அதோடு முடங்கிவிடுவாரே.

"நீ சொல்லுய்யா, நா கழட்டுறேன்" என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கை காட்டக் காட்ட, ரேடியேட்டரையும் புல்லியையும் கழற்றி, முன்மூடியைத் திறந்தேன். உள்ளே சின்னதாக ஓர் இரும்பு கியர், அதோடு சேர்ந்து சுற்றும் பெரிய ஃபைபர் கியர். பெரியது ஓரிடத்தில் பொக்கையாக இருந்தது. உதிர்ந்த பற்களைப் பொறுக்கி அந்த இடத்தில் பொருத்திப் பார்த்தார். ஒன்று குறைந்தது. அது ஆயில் பம்பை அடைத்தால், புது கியர் போட்டும் ஆயில் ஏறாமல் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளுமாம்.

எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனைக் கழற்றினோம். ஆயிலைத் துணியில் வடிகட்டியும் கிடைக்கவில்லை. மிச்சம் இருந்தது பேனின் அடியில் கெட்டியான கறுப்புக் கசடுதான். அவர் கையை விட்டுத் துழாவினார். விரலுக்கு எதுவும் தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

நான் ஏரியில், பிடித்ததைப் போடும் ஓலைப்பறியை வாயில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவள். "தள்ளு" என்று அவரை நகர்த்திவிட்டுக் கையை விட்டேன். மூலையில் ஏதோ தட்டுப்பட்டது. பழக்கதோஷம், மூச்சை அடக்கி, இரண்டு கையையும் இரண்டு பக்கமிருந்து மெல்லக் கொண்டுபோய்ச் சட்டென்று அமுக்கினேன். ஆயில் தெறித்து அவர் முகமெல்லாம் கறுப்பு.

"இன்னாமே, துள்ளிக்கினு ஓடிடுமா அது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாகிவிட்டது. என் கையில் இருந்தது அந்தப் பல்தான்.

புது கியர் சென்னையிலிருந்து வந்தது. இரண்டு கியரிலும் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும்.

"ஒரு பல்லு தள்ளி மாட்டிக்கிற. கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று கத்தினார். நானும் விடவில்லை. திட்டு வாங்க இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யார் கண்டது.

கிளப்பியபோது முதலில் இருமியது. பிறகு கடகட சத்தம் துளியும் இல்லாமல் ஓடியது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"வண்டிதான் ஓடுதே, இன்னாத்துக்கு அழுவுற?" என்றார். வண்டிக்காக என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தன் படகு எஞ்சின் இழுக்கவே மாட்டேன் என்கிறது என்று சும்மா சொல்லிவைத்தார்.

"நாளைக்கு எடுத்துக்கினு வா. இவ கழட்டுவா" என்றார் இவர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.