மஞ்சள் வீட்டு விளக்குகள்

கால்தாவிக்கில் ஸ்வாவாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. பாதிரியார் வாங்கியிருக்கிறார். மீன் ஆலை மேலாளர் வாங்கியிருக்கிறார். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவர், பனிக்கு ஆகாத கோடைக்கால டயரோடு மலைப்பாதையில் ஏறிவந்த குற்றத்துக்காக நடுரோட்டில் நின்று வாங்கியிருக்கிறார். ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில், கடலும் மலையும் இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்த அந்தச் சின்ன ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள் அவள். குளிர்காலம் முழுக்க ஊருக்குப் பாலும் மருந்தும் வந்து சேருவது அவள் புண்ணியத்தில்தான். அதனால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு திட்டு வாங்கினார்கள்.

அவளுக்குத் தலைக்கேறுவது ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டால்தான். 'சரியாயிடும்.' அந்த நாட்டில் யாரைக் கேட்டாலும் வாயில் தயாராக இருப்பது அதுதான். படகில் தண்ணீர் ஏறுகிறதா, சரியாயிடும். கூரைத் தகடு பறக்கிறதா, அதுவும் சரியாயிடும். ஒருமுறை, பாதையை அடைத்துப் போட்ட தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு வெளிநாட்டுக்காரன் வாடகைக் காரை மலைமேல் ஏற்றிவிட்டான். ஸ்வாவா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அவனை இழுத்து வந்தாள். கீழே வந்து இறங்கியதும் அவன் சிரித்துக்கொண்டே, எல்லாம் சரியாகிவிட்டதே, இனி நான் போகலாமா என்றான். அவள் அவன் கார்ச் சாவியைப் பிடுங்கித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். புயல் ஓயும்வரை அவனைச் சமூகக் கூடத்தில் உட்காரவைத்து, ஆட்டுக்கறி சூப்பும் ஏச்சுமாக மாறிமாறி ஊட்டினாள். பாவம், அவனுக்கு அவள் பேசிய ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் சூப் வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு அவனுக்குத் துணிச்சலும் இல்லை.

அந்த வார்த்தை மேல் அவளுக்கு இருந்த வெறுப்புக்குக் காரணம் ஊருக்கே தெரியும். வாயைத் திறந்து யாரும் சொல்லமாட்டார்கள். கல்யாணமான புதிதில் ஒரு ஜனவரிக் காலை, பெரும் புயல். அவள் புருஷன் பால்மி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைப் பனி மூடிவிட்டது, தள்ளிக்கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மண்வெட்டியை எடுத்தான். மலை சரியில்லை, போகாதே என்றாள் ஸ்வாவா. சரியாயிடும், காபி போட்டு வை என்று சொல்லிவிட்டுப் போனான். காபி போட்டு வைத்தாள். மலையிலிருந்து பனிச்சரிவு இறங்கி, அந்தப் பக்கத்து வீட்டையும் அதற்கு அப்பால் இருந்த வரிசையையும் வழித்துக்கொண்டு கடலில் போட்டது. ஸ்வாவா நின்றிருந்த மஞ்சள் வீட்டில் ஜன்னல் கண்ணாடி மட்டும்தான் உடைந்தது. அது அவளும் தங்கை ஹெர்டிஸும் பிறந்து வளர்ந்த வீடு. மகன் இங்வி அப்போது அவள் வயிற்றில் இருந்தான்.

அதற்குப் பிறகு ஊரை வளைகுடாவின் மறுகரைக்கு மாற்றினார்கள். மிச்சமிருந்த பழைய வீடுகளில் கோடையில் மட்டும் தங்கலாம், குளிர்காலத்தில் ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. மஞ்சள் வீடும் அப்படித்தான் நின்றது. அதில் பாதி ஸ்வாவாவுடையது, பாதி ஹெர்டிஸுடையது. ஸ்வாவா அதன் வாசற்படியை மிதித்து எத்தனையோ வருஷம். கொளுத்திவிட்டால் நிம்மதி என்பாள். ஹெர்டிஸ் அதைக் கேட்டால் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொள்வாள். அவள் தலைநகரில் பாட்டு டீச்சர். கோடைதோறும் வந்து ஜன்னலுக்குச் சாயம் அடிப்பாள், அம்மாவின் திரைச்சீலையைத் துவைத்துப் போடுவாள், கடலைப் பார்த்து உட்கார்ந்து பாடுவாள். பனிக்காலத்தில் அந்த மலை எப்படி உறுமும் என்பதை மட்டும் அவள் சௌகரியமாக மறந்துவிட்டாள்.

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் ராத்திரிக்கு முந்தின நாள் ஹெர்டிஸ் திடுதிப்பென்று வந்து இறங்கினாள். அன்றைக்கு ஊரே கூடத்தில் உட்கார்ந்து புளிக்கவைத்த திருக்கை மீன் சாப்பிடும் நாள். அந்த நாற்றம் கோட்டில் ஏறினால், நம் கணக்கில் பொங்கல் வரைக்கும் போகாது. ஹெர்டிஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு தட்டு தின்றாள், எல்லாரையும் கட்டிக்கொண்டாள், அம்மா கல்லறையைப் பார்த்துவிட்டு அப்படியே விமானத்துக்குப் போகிறேன் என்று இங்வியின் காரை வாங்கிக்கொண்டு போனாள். காரை விமானத் திடலில் விட்டுவிடுகிறேன், பிறகு எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். புயல் வருகிறது, நேரே போய்ச் சேர் என்றாள் ஸ்வாவா. ஹெர்டிஸ் அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்து, அந்த வார்த்தையைத்தான் சொன்னாள்.

புயல் அன்று இரவே வந்தது. மறுநாள் முழுக்க ஸ்வாவா வண்டியை விட்டு இறங்கவில்லை. மலைப்பாதையைக் காலையிலேயே அடைத்தாயிற்று. கரையோரப் பாதையில் அலை ஏறி, தலையளவு கல்லையும் பனிக்கட்டியையும் ரோட்டில் வீசிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகளில் உப்புத் தண்ணீர் உறைந்து உறைந்து ஏற, பாரத்தில் படகு கவிழ்ந்துவிடாமல் ஆண்கள் சுத்தியலால் அடித்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு இருட்டிவிட்டது. அதற்குள் உப்புப் பனி பிடித்து மின்கம்பி அறுந்து ஊரே கும்மிருட்டாகிப்போனது. செல்போன் கோபுரமும் செத்தது.

ஒரு வாய் காபிக்காக அவள் மீட்புப் படைக் கொட்டகைக்குள் நுழைந்தாள். மீட்புப் படை என்றால் சம்பளக்காரர்கள் அல்ல, ஊர்ப் பிள்ளைகள்தான். புத்தாண்டுக்கு வாணவெடி விற்று, அதில்தான் கயிறும் கருவியும் வாங்குவார்கள். அந்த வெடிப் பெட்டிகளின் மேல் ஏறி நின்று, படைத்தலைவன் ஸ்டுர்லா ஜன்னல் வழியாக வளைகுடாவுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இங்வி. ஸ்வாவாவைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

பனி கொஞ்சம் விலகும்போதெல்லாம் தெரிந்தது. செத்துக்கிடந்த பழைய ஊரில், மஞ்சள் வீட்டு ஜன்னல்களில் மட்டும் வெளிச்சம்.

"ஊருக்கே கரண்ட் இல்ல ஸ்வாவா," என்றான் ஸ்டுர்லா. "மெழுகுவத்தி வச்சிருக்காங்க. உள்ள ஆள் இருக்கு."

எவனாவது வெளிநாட்டுக்காரன் கதவை உடைத்துப் புகுந்திருப்பான், கிடக்கட்டும், மலை எந்த நிமிஷமும் இறங்கும், ஒருத்தரும் அங்கே போகக் கூடாது என்று அவள் கத்தினாள். போகக் கூடாது என்று விதி இருப்பது ஸ்டுர்லாவுக்கும் தெரியும். இருந்தும் அவன் பூட்ஸ் கயிற்றை இறுக்கினான். இங்விதான் அவள் பக்கத்தில் வந்தான்.

"அம்மா, நேத்து விமானம் கிளம்புச்சான்னு யாருக்குமே தெரியல. சித்தியா இருந்தா?"

விமானம் போகவில்லை என்றால் ஹெர்டிஸ் வேறு எங்கே போவாள்? பொல்லாத பாசம் பிடித்து அந்த வீட்டுக்குத்தான் போயிருப்பாள். பாதையில் ஆளுயரப் பனி. வண்டி முன்னால் போகாமல் யாரும் அங்கே போய்ச் சேர முடியாது. ஸ்வாவா முடியாது என்று சொன்னால் முடியாதுதான். அவள் மகனைப் பார்த்தாள். பால்மியின் அதே தாடை, அதே முரட்டுக் கழுத்து. தங்கையையும் புயலையும் தன்னையும் சேர்த்துச் சபித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

கரையோரப் பாதையில் அவள் ஓட்டிய ஓட்டத்தை இன்றைக்கும் ஊரில் பேசுவார்கள். ஒரு பக்கம் அலை கல்லெறிந்தது, மறுபக்கம் பள்ளத்தாக்கிலிருந்து காற்று வண்டியைப் பிடித்துக் கடலுக்குத் தள்ளியது. கண்ணாடியில் ஒரு கல் பட்டு விரிசல் ஓடியது. அவள் வாய் ஓயவே இல்லை. ஹெர்டிஸ் மட்டும் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்டுர்லாவும் இங்வியும் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

வீட்டுக்குக் கீழே வண்டியைக் கடல் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். ஸ்டுர்லா வாசலில் நின்று மலையைக் கவனிப்பது, இங்வி உள்ளே போவது என்று ஏற்பாடு. இங்வி இடுப்பளவு பனியில் நீந்திப்போய், கதவை உதைத்துத் திறந்து உள்ளே மறைந்தான்.

ஸ்வாவா பக்கத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெர்டிஸ் வெளியே வரவில்லை. யாருமே வரவில்லை. திடீரென்று சமையலறை ஜன்னல் இருண்டது. கொஞ்சம் பொறுத்து அடுத்த ஜன்னல். அப்புறம் அதற்கடுத்தது. இந்தப் பயல் உள்ளே என்ன செய்கிறான் என்று அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மெழுகுவத்தி இல்லை, ஆளும் இல்லை. கல்லறையில் வைப்பார்களே, வாரக்கணக்கில் எரியும் பேட்டரி விளக்கு, அது. கிறிஸ்துமஸ் ராத்திரி வீட்டில் ஒரு மூலைகூட இருட்டாக இருக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாதவர்கள் அன்றைக்கு நடமாடுவார்கள், அவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று அம்மா அறைக்கு அறை விளக்கு வைப்பாள். அந்த வேலையைத்தான் ஹெர்டிஸ் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். வெளிச்சத்தைப் பார்த்து வேறு யாரும் ஏமாந்து இங்கே வந்துவிடக் கூடாது என்று அவள் பிள்ளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருக்கிறான்.

மாடி ஜன்னல் ஒன்றுதான் மிச்சம். அது அம்மாவின் அறை.

மேலே மலைக்குள் எங்கோ கனமாக ஏதோ அமுங்கியது. காதில் கேட்டதைவிட ஸ்டியரிங்கில் அவள் கைக்குத்தான் அது முதலில் தெரிந்தது. ஸ்வாவா ஹாரனில் முழங்கையை வைத்து அழுத்தினாள். எடுக்கவே இல்லை. ஸ்டுர்லா வாசலில் நின்று கத்தினான். மாடி விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. 'வாடா, வாடா நாயே, வா' என்று அவள் அலறியது அவளுக்கே கேட்கவில்லை. கதவில் இங்வி தெரிந்தான். இரண்டு பேரும் உருண்டு புரண்டு வந்து ஏறினார்கள். கதவைச் சாத்தும் முன்னே அவள் வண்டியை எடுத்துவிட்டாள்.

முனை திரும்பும்போது, மலை இறங்கிய வேகத்தில் பின்னாலிருந்து காற்று வந்து மோதியது. அவ்வளவு பாரமான வண்டி பொம்மை மாதிரி நகர்ந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளை. அது அடங்கியபோது பழைய ஊர்ப் பக்கம் ஒரு வெளிச்சமும் இல்லை.

கோபுரத்துக்கு உயிர் வந்ததும் முதல் அழைப்பு ஹெர்டிஸிடமிருந்துதான். அவள் விமானம் முந்தின நாளே நேரத்துக்குக் கிளம்பி, அவள் பத்திரமாக வீட்டில் வாத்து வறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். செய்தியில் பார்த்தாளாம். வீடு போச்சே, அம்மா வீடு போச்சே என்று தேம்பினாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "உங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையே? அப்ப விடு அக்கா. எல்லாம் சரியாயிடும்."

ஸ்வாவா போனை வைத்துவிட்டாள். திட்டவில்லை. ஸ்வாவா திட்டாமல் போனை வைத்ததைப் பார்த்து இங்வி பயந்துபோனான்.

புத்தாண்டுக்கு முன்னால் வானம் வெளுத்தது, ஹெர்டிஸ் வந்தாள். ஸ்வாவா அவளைப் பனி வண்டியில் ஏற்றிக்கொண்டு பழைய ஊருக்குப் போனாள். வீடு இருந்த இடம் வழித்துத் துடைத்த மாதிரி கிடந்தது. மஞ்சள் பலகைகள் கரைவரைக்கும் சிதறியிருந்தன. ஹெர்டிஸ் அழுதுகொண்டே பலகை பலகையாகத் தொட்டுப்பார்த்து நடந்தாள். தண்ணீருக்குப் பக்கத்தில், உடைந்த ஜன்னல் சட்டத்துக்குள் உறைந்த பனியில் ஏதோ மினுங்கியது. மண்டியிட்டுத் தோண்டி எடுத்தாள். உள்ளங்கை அளவு விளக்கு. அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, இங்க பாரேன். இன்னும் எரியுது. அம்மாதான் அக்கா. அம்மா நம்மளோடயே இருக்கா."

ஸ்வாவா அவள் முன்னால் வந்து நின்றாள். எத்தனையோ வருஷமாக ஊரையே திட்டித் தீர்த்த அந்தக் குரல் அன்றைக்குத் தணிந்துதான் வந்தது.

"அம்மா இல்லடீ, நீ. நீ வச்ச விளக்கு. உள்ள ஆள் இருக்குன்னு நெனச்சு, அது நீதான்னு நெனச்சு, இங்வி உள்ள போனான். போய் ஒவ்வொண்ணா அணைச்சான். இது மாடில இருந்தது. இதை அணைக்கப் படியேறினான், நான் ஹாரன் அடிச்சதுல பாதிப் படியில திரும்புனான். இன்னும் நாலு படி ஏறியிருந்தா, இப்ப நீ தோண்டினியே, அங்க அவன் கெடந்திருப்பான். சொல்லு ஹெர்டிஸ், எல்லாம் சரியாயிடுமா? என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு."

கடல் அன்றைக்கு ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி கிடந்தது. ஹெர்டிஸ் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, வெறும் விரலால் விளக்கின் அடியில் தடவித் தடவிப் பொத்தானைத் தேடினாள். தேடிப்பிடித்து அணைத்தாள்.