சத்தமில்லாமல் இறங்கிய கார்

பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த வருஷம் திருச்சியில் கார் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து, கார் இல்லாதவர்கள் உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷப்பட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு அந்தப் புகையில் ஓடின. வக்கீல்கள் ஜட்கா ஏறிக் கோர்ட்டுக்குப் போனார்கள். பெரிய பெரிய கார்கள் ஷெட்டுக்குள் செங்கல் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. அவற்றை ஓட்டிய டிரைவர்கள் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் வாசலில் வேலை கேட்டு நின்றார்கள்.

பாலக்கரை இன்னாசிராஜ் மட்டும் அங்கே போய் நிற்கவில்லை. அவனுடைய முதலாளி குத்புதீன் ராவுத்தர் செம்பட்டில் தோல் கிட்டங்கி வைத்திருந்தார். முப்பது வயதுக்குள் அப்பா சொத்து கைக்கு வந்துவிட்ட மனிதர். வேகத்தின் மேல் தீராத ஆசை. சீமைக்குத் திரும்பிப் போன ரயில்வே துரை ஒருவரிடமிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருந்தார். சிவப்பு நிறம், தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு, இரண்டே பேர் உட்காரலாம். அதன் சத்தம் ஊரறிந்தது. புத்தூரில் கிளப்பினால் தென்னூரில் தூங்குகிற குழந்தை எழுந்து அழும் என்பார்கள். மிகைதான், ஆனால் ரொம்பவும் மிகையில்லை. அது வருகிறதென்றால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. சத்தத்தைக் கேட்டே ஜனங்கள் ஓரம் ஒதுங்கிவிடுவார்கள். ஹார்னுக்கு வேலையே கிடையாது.

அந்தக் கார் குடித்த குடியும் கொஞ்சமில்லை. பறப்பதற்கென்று செய்த இன்ஜினைப் பெரியகடை வீதியில் மாட்டுக்கும் கைவண்டிக்கும் நடுவே ஊர்ந்து போகச் சொன்னால் அது வேறென்ன செய்யும்? முதலாளி ஓட்டினால் ஒரு காலன் பெட்ரோலுக்குப் பதினைந்து மைல். மாதக் கூப்பன் பத்தாம் தேதியோடு சரி. ஒருநாள் அவர் இன்னாசியைக் கூப்பிட்டு, இனிமேல் நீயே ஓட்டு, மாதக் கடைசிவரை பெட்ரோல் வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் வண்டியை ஷெட்டில் போட்டுவிடலாம், நீயும் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் இன்னாசி பயந்திருக்க மாட்டான். சிரித்த முகத்தோடு சொன்னார். வீட்டில் மனைவி அமலராணியும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

அன்றிலிருந்து அவன் அந்தக் காருக்குப் பத்தியம் வைத்தான். ஸ்டெப்னியைக் கழற்றிக் கிட்டங்கியில் போட்டான். டயரில் கல் மாதிரி காற்றேற்றினான். கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வருகிற துளையை ஒரு சுற்றுச் சின்னதாக்கினான். வெயிலில் வண்டியை நிறுத்தவே மாட்டான். கிளம்பின கையோடு கியரை மேலே மாற்றிவிட்டு, தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறவன் போல ஆக்ஸிலரேட்டரில் மெல்லக் கால் வைத்தான். எந்த முனையில் எந்த மாடு எத்தனை மணிக்குப் படுத்திருக்கும் என்பதுகூட அவனுக்கு அத்துப்படி. பிரேக் போடுவது என்றால் காசு கொடுத்து வாங்கின வேகத்தை ரோட்டில் கொட்டுவது என்று அவனாகவே கண்டுபிடித்து வைத்திருந்தான்.

அதற்கும் மேலே ஒரு வித்தை இருந்தது. சரிவு கண்ட இடத்தில் இன்ஜினை அணைத்துவிடுவான். கோட்டை ஸ்டேஷன் மேம்பாலத்தின் உச்சியில் அணைத்தால் கீழே இறங்கும்வரை செலவில்லை. காவேரிப் பாலம் தாண்டி மாம்பழச்சாலைக்கு இறங்குகிற சரிவில் அணைத்தால், திருவானைக்காவல் திருப்பம்வரை வண்டி ஒரு சொட்டுக் கேட்காமல் தானே உருண்டு போகும். இப்படி அணைத்து அணைத்துக் கிளப்பியதில் பாட்டரி நொந்து போயிற்று. யுத்த காலத்தில் புது பாட்டரிக்கு எங்கே போவது? ஆகையால் ஹார்னைத் தொடுவதையும் விட்டுவிட்டான்.

பதினைந்து மைல் இருபத்தாறு ஆயிற்று. குத்புதீன் ராவுத்தர் போகிற இடமெல்லாம் இதையே பேசினார். சிநேகிதர்கள் தங்கள் டிரைவர்களை அனுப்பி இன்னாசியிடம் பாடம் கேட்கச் சொன்னார்கள். அவன் டயரையும் கியரையும் பற்றிச் சொன்னான். இன்ஜினை அணைப்பதை யாரிடமும் சொல்லவில்லை. தொழில் ரகசியம் என்கிற கர்வம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

நாற்பத்திரண்டாம் வருஷம் புரட்டாசியில் ஒரு சாயங்காலம், திருவானைக்காவலில் சிநேகிதர் தோப்புக்குப் போயிருந்த முதலாளியை அழைத்துவர அவன் தனியாகப் போனான். வழக்கம்போலப் பாலம் தாண்டியதும் இன்ஜினை அணைத்தான். முன்னே ஒரு வைக்கோல் வண்டி போய்க்கொண்டிருந்தது. அதைக் கடந்து போக நினைத்து, கையில் தோல் பையோடு ஓர் அம்மாள் ஓரத்திலிருந்து நடு ரோட்டுக்கு வந்தார். பின்னால் சத்தமில்லாத ரோட்டை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இன்னாசி பிரேக்கை மிதித்தான். கார் நின்றது, ஆனால் மட்கார்டு அவரை இடித்துத் தள்ளின பிறகு நின்றது.

கீழே கிடந்தவர் ரோசம்மாள். பாலக்கரை மாதா கோயில் பங்கிலேயே எல்லாரும் நர்ஸம்மா என்று அழைக்கிற பிரசவ நர்ஸ். மிஷன் ஆஸ்பத்திரியில் படித்துவிட்டு இருபது வருஷமாக வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பவர். இன்னாசியின் மூன்று பிள்ளைகளையும் முதலில் கையில் வாங்கியவர் அவர்தான். அவர் பையில் மரக்குழல் ஒன்று இருக்கும். அதன் ஒரு முனையைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்து, உள்ளே பிள்ளையின் இதயம் துடிப்பதைக் கேட்பார். கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தி, பிள்ளை நல்லா இருக்கு என்று சொன்னாரானால் அந்த வீட்டில் எல்லாருக்கும் மூச்சு வரும்.

இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. கூட்டம் கூடிவிட்டது. கான்ஸ்டபிள் வந்தார். ஹார்ன் அடித்தாயா என்று அவர் இன்னாசியைக் கேட்டார். அந்த ஒரு நொடியில் அவன் கண் முன்னால் லைசென்ஸ், முதலாளியின் சிரித்த முகம், அமலராணி எல்லாம் வந்து போயின.

“அடிச்சேன் ஐயா. ரெண்டு தடவை அடிச்சேன்.”

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ரோசம்மாள் அதைக் கேட்டார். அவனை நிமிர்ந்து பார்த்தார். நம்ம பங்குப் பையன், பொய் சொல்லமாட்டான் என்கிற பார்வை அது.

“அப்படின்னா தப்பு என் மேலதாங்க. எனக்குத்தான் கேக்கல. தம்பியை ஒண்ணும் செஞ்சிடாதீங்க.”

கான்ஸ்டபிள் நோட்டை மூடினார். முதலாளி வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டார். விஷயம் அதோடு தீர்ந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்தக் கார் சத்தம்கூடக் கேட்காத காது ஒரு காதா என்று, கட்டுப் போட்டுக் கிடந்தவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். முதலில் ரோசம்மாளும் கூடச் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

இன்னாசி அந்தச் சரிவில் அதற்கப்புறம் இன்ஜினை அணைக்கவில்லை. மைல் குறைந்தது. முதலாளி கேட்டபோது, இப்போது வருகிற பெட்ரோல் சுத்தமில்லை என்றான். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய் வந்து சேர்ந்தது. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்றபோதும், கோபப்பட்டேன் சாமி, பூசைக்குப் பிந்தி வந்தேன் சாமி, பொய் சொன்னேன் சாமி என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். பங்குச் சாமியும் பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அவன் அதைச் சொல்லி முடித்துவிட்டு எழுந்தான். மனசு மட்டும் எழுந்திருக்கவில்லை. சாமியிடமே சாமர்த்தியம் காட்டிவிட்டோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ரோசம்மாள் வீட்டுக்குப் போனான். எப்படியும் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் போனான். அவர் தடி ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். வேலைக்கும் போக ஆரம்பித்திருந்தார். அவன் உள்ளே போனபோது கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனிடம் நீட்டி, இந்தத் தூரத்தில் உனக்குக் கேட்கிறதா என்று கேட்டார். கேட்கிறது என்றான்.

“எனக்கும் கேக்குது. ஆனா கேக்குறத நம்ப முடியல தம்பி.”

சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். போலீஸில் ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொன்னால் கேஸ் ஆகுமோ, லைசென்ஸ் போகுமோ என்று ஒரு கணம் யோசித்தான். அந்த ஒரு கணத்தில் வாய் தானாகவே வேறு பேச்சுக்குப் போய்விட்டது. ரோசம்மாள் அவன் பிள்ளைகளுக்கென்று அச்சுமுறுக்குக் கட்டிக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவரை தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தான். திட்டி என்ன பிரயோசனம்? திரும்பிப் போகவில்லையே.

ஈஸ்டர் முடிந்த வாரம் அமலராணி ஒரு செய்தி கொண்டுவந்தாள். நர்ஸம்மா தொழிலை விட்டுவிட்டார். காது சுத்தமாக அவிந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டு, பாத்திரம் பண்டத்தையெல்லாம் கொடுத்துவிட்டுத் திண்டுக்கல்லில் தங்கை வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். இன்னாசிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு நேரே போனான்.

ரோசம்மாள் தரையில் உட்கார்ந்து புடவைகளை மடித்து டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடியும் ஆரஞ்சுப் பழத்தைப் பற்றிப் பேசிவிடுவோம் என்று பயந்தான்.

“அக்கா, அன்னிக்கு நான் ஹார்ன் அடிக்கல. பெட்ரோல் மிச்சத்துக்காக இன்ஜினையும் அணைச்சிருந்தேன். வண்டி சத்தமே இல்லாமத்தான் வந்துச்சு. கான்ஸ்டபிள்கிட்ட பொய் சொன்னேன். உங்க காதுல ஒரு கோளாறும் இல்லக்கா.”

ரோசம்மாளின் கை மடிப்பிலேயே நின்றது. சத்தமே இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றான். கொஞ்சம்கூட இல்லையா என்று மறுபடியும் கேட்டார். இல்லை என்று மறுபடியும் சொன்னான். ஏழு மாதமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியதில் அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. அடிக்கட்டும், வையட்டும், போலீஸுக்கே போகட்டும், வாங்கிக்கொள்ளலாம். அவருக்குக் காதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, தொழிலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று நினைத்தான். நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரிகூட இருந்தது.

அவர் வையவில்லை. கையிலிருந்த புடவையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பேசினார்.

“ஈஸ்டருக்கு முன்னால, தவக்காலத்துல பொன்மலைக்குப் போயிருந்தேன். ஃபிட்டர் சகாயநாதன் சம்சாரம் பேட்ரிசியாவுக்கு வலி கண்டிருந்துச்சு. தலைப்பிள்ளை. குழலை வச்சுக் கேட்டேன். துடிப்பு மெதுவா, விட்டு விட்டுக் கேட்டுச்சு. அப்படிக் கேட்டா பிள்ளைக்கு ஆபத்து, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். இருபது வருஷமா ஓடியிருக்கேன். அன்னிக்கு ஓடல. பிள்ளை நல்லாத்தான் இருக்கு, என் காதுதான் விட்டு விட்டுக் கேக்குதுன்னு நினைச்சுட்டேன்.”

பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அதற்கப்புறம் அவர் குழலைத் தொடவே இல்லை.

இன்னாசி கதவைப் பிடித்துக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கும் தவக்காலத்துக்கும் நடுவே எத்தனை ஞாயிற்றுக்கிழமை இருந்தது, எத்தனை தடவை பூசையில் இவரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டோம் என்று அவன் மனம் எண்ணத் தொடங்கிவிட்டது. ஒரு ஞாயிறு வாயைத் திறந்திருந்தால் போதும். பொன்மலைக்கு இப்போதே போய் சகாயநாதன் காலில் விழுகிறேன், பேட்ரிசியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னான்.

ரோசம்மாள் அவனை முதல் தடவையாகக் கோபமாகப் பார்த்தார்.

“எதுக்கு? உன் மனசு லேசாகவா? அவ, கடவுள் கொடுக்கலன்னு அழுது இப்பத்தான் ஓஞ்சிருக்கா. என் காது போச்சு, கடவுள் எடுத்துக்கிட்டாரு, நான் என்ன பண்ணுவேன்னு நானும் ஓஞ்சிருந்தேன். இப்பத்தானே தெரியுது, எனக்கு நல்லாத்தான் கேட்டிருக்கு. இனிமே யார்கிட்டயும் சொல்லாதே தம்பி. சாமிகிட்டகூடச் சொல்லாதே. என்னோட சேர்ந்து நீயும் இத மனசுக்குள்ளயே வச்சிக்க.”

வாசலில் யாரோ வந்து நர்ஸம்மா இருக்காங்களா என்று கேட்டார்கள். யாருக்கோ வலி கண்டிருந்தது. ரோசம்மாள் தடியை ஊன்றி எழுந்தார். டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து தோல் பையை இழுத்துத் திறந்து, உள்ளே குழல் இருக்கிறதா என்று பார்த்தார். இன்னாசி பையைத் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை.