கழுகு எத்தனை மணிக்கு வரும்?

எனக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது கீபோர்டுதான். சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் அறையில் வேலை செய்கிறேன். அறைக்கு ஜன்னல் கிடையாது. கார்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும், சில நாள் காட்டினாலும் திறக்காது. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே ஏ.சி. குளிரில் நான் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் மெஷினில் படமும் இல்லை, பட்டனும் இல்லை. கறுப்புத் திரை, அதில் நாம் தட்டும் கட்டளை, அவ்வளவுதான். யூனிக்ஸ் என்பார்கள். சொன்னதைச் செய்யும். நாம் நினைத்ததைச் செய்யாது. "நிஜமாவா சொல்றே?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காது.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. திரையைப் பூட்டாமல் டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் யாராவது அதில் பொறி வைத்திருப்பார்கள். கோப்புகளைக் காட்டு என்று தட்டினால் கோடும் புள்ளியுமாக ஒரு ரயில் திரையின் குறுக்கே ஓடும், ஓடி முடியும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். இன்னொரு நாள் தட்டுகிற எழுத்து எதுவும் கண்ணுக்கே தெரியாது. வெளியேறுகிறேன் என்று தட்டினால் "டீ வாங்கிக் குட்த்துட்டுப் போ" என்று பதில் வரும். பொறி வைப்பவர், மாட்டிக்கொண்டவர் அதிலிருந்து வெளியே வர ஒரு வழியும் வைத்தாக வேண்டும். மாட்டிக்கொண்டவர் "தோத்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை பொறி வைத்தவர் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. சொல்லிவிட்டால் மறுநாள் தோற்றவர் செலவில் எல்லாருக்கும் பஜ்ஜி. அந்த வார்த்தையை நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வம்சத்துக்கே அது வராது.

பொறி வைப்பதில் பெரிய கை, என் பக்கத்து நாற்காலிக்காரர். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் கடலோரத்தில் வீடு. அறையில் எல்லாருக்கும் அவர் அண்ணாத்த. இதற்கு முன்னால் வேறெங்கோ இதே வேலை பார்த்தவர். ஏன் விட்டாய் என்று கேட்டால் "கெரகம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். எனக்குத் திருக்கழுக்குன்றம். அதனால் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் "இன்னா தங்கச்சி, கழுகு வந்துச்சா?" என்பார், அதுதான் வணக்கம். மலைக்கோயிலுக்கு உச்சிவேளையில் இரண்டு கழுகு வந்து குருக்கள் கையால் பொங்கல் தின்றுவிட்டுப் போகும் என்பது ஊருலகம் அறிந்த கதை. வந்ததும் உண்மை, வராமல் நின்று பல வருஷம் ஆனதும் உண்மை. அந்த ஊரிலேயே பிறந்த நான் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் வெளியூர்க்காரர்கள் கேட்டால் வாய் தானாகப் "பன்னிரண்டு மணிக்கு" என்றுதான் சொல்லும்.

நான் அப்போது கான்ட்ராக்ட். பங்குனிக்குள் நிரந்தரம் ஆக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் மாமியாரும் அதே பங்குனியைக் கெடு வைத்திருந்தார்.

"பர்மனென்ட் ஆனா போ. இல்லாங்காட்டி வூட்ல கொயந்தயப் பாத்துகினு கெட."

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்தான். ஒரு தப்பு செய்தால் இங்கே வேலை போகும், அங்கே வீட்டுக்குள் அடைப்பு. இரவில் கண்ணை மூடினால் மாமியார் வீட்டுச் சமையலறைச் சுவர்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஒரு நாள் லேபிள் நின்றது. பெட்டிகளின் மேல் ஒட்டுகிற சீட்டைத்தான் லேபிள் என்போம். அது ஒட்டாத பெட்டி லாரி ஏறாது. டிஸ்பாட்ச் மேனேஜர் மூச்சிரைக்க வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"இன்னாம்மா பண்ணிகினு கீற? லாரிங்கோ வரிசையா நிக்குது. இன்னிக்கு லோடு போவலன்னா உன் பேரத்தான் மேல சொல்வேன், ஆமா."

பார்த்தேன். டிஸ்கில் எள் போட்டால் எள் விழாது. லேபிள் புரோகிராம்கள் இருக்கும் இடத்தில், எவனோ அரைகுறையாக எழுதிய, நகல் எடுக்கும் பேக்கப் புரோகிராம் ஒன்று தப்பாக ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, பழைய நகல்களை அதில் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ஃபோல்டருக்குப் பெயர் ஒரே ஒரு குறி: ~. பிள்ளைகள் கடல் வரையும்போது போடுகிற அலை. அதை அழித்தால் முடிந்தது வேலை. அழிக்கும் கட்டளையைத் தட்டினேன், பக்கத்தில் அலையைத் தட்டினேன், என்டரை ஓங்கி ஒரு அடி.

டிஸ்க் அசையவில்லை. திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "உங்கூரு கழுகு இன்னிக்கு எத்தினி மணிக்கு வரும்?"

அட சாவுகிராக்கி! காலையில் டீக்குப் போனபோது திரையைப் பூட்டினேனா? இல்லை.

பன்னிரண்டு என்று அடித்தேன். அதே கேள்வி. உச்சிவேளை என்று அடித்தேன். அதே கேள்வி. எதையும் பாதியில் நிறுத்தும் சாவி ஒன்று உண்டு, அதையும் அண்ணாத்த கட்டிப்போட்டிருந்தார். விளையாட்டுச் சட்டமாவது ஒன்றாவது என்று அந்தக் கறுப்புத் திரையையே மூடிவிட்டு மறுபடி நுழைந்து, அதே கட்டளையை அதே வேகத்தில் அடித்தேன். கேள்வி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. நுழைகிற இடத்திலேயே வைத்திருக்கிறார், பாவி.

"தோத்துட்டேன்" என்று அன்றைக்குச் சொல்லியிருப்பேன், சத்தியமாக. வம்சமாவது மண்ணாவது. ஆனால் மேனேஜர், திரையைப் பார்க்காமல் கடிகாரத்தையே பார்த்தபடி, என் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறார். எதில் தோற்றாய் என்பார். லாரி நிற்கிற நேரத்தில் இந்த அறையில் விளையாட்டு நடக்கிறது என்று தெரிந்தால் அண்ணாத்தவும் போவார், நானும் போவேன். திட்டவும் முடியாது, கேட்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. அந்தக் குளிரில் எனக்கு முதுகு வியர்த்தது. இந்த அண்ணாத்தவை இன்றைக்குக் கொன்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் அண்ணாத்தவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. வாயைத் திறக்கக் கூடாத மனுஷன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், தங்கச்சி ஊர்ல இப்ப கழுகு வர்றதே இல்லயாம் சார். ஜனங்கோதான் சும்மா காத்துகினு கீறாங்கோ."

"யோவ், லாரி நிக்குதுன்றேன், கழுகுன்ற! கம்முனு கெடய்யா!"

வராத கழுகுக்கு நேரம் ஏது? ஒன்றுமே அடிக்காமல், வெறும் என்டரைத் தட்டினேன்.

"கரீட்டு," என்றது திரை. "இப்ப நீ அழிக்கப் போறது இது. நல்லா படிச்சுட்டு சொல்லு, ஆமாவா இல்லியா." கீழே, அழியப் போகும் இடத்தின் முழு விலாசம்.

படித்தேன். அது அந்தக் குப்பை ஃபோல்டர் இல்லை. யூனிக்ஸில் அந்த அலையைத் தனியாக அடித்தால் 'என் வீடு' என்று அர்த்தம், அதாவது நான் நுழைந்து வேலை செய்கிற மொத்த இடமும். தெரியாத விஷயமா? முதல் வருஷமே படித்ததுதான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, ஆத்திரக்காரிக்கு அதுவும் இல்லை. லேபிள் புரோகிராம்கள், பிரின்டர்களின் விவரம், அந்த நகல்கள், மொத்த வீட்டையும் அழி என்று நான் இரண்டு தடவை உத்தரவு போட்டிருக்கிறேன். அங்கே குப்பைத்தொட்டியெல்லாம் கிடையாது. போனது போனதுதான்.

இல்லை என்று அடித்தேன். அதையே தப்பாக அடித்து, அழித்துத் திரும்ப அடித்தேன். பிறகு அலைக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்த்தேன். அப்படி எழுதினால் 'இங்கே இருக்கிற அந்தப் பெயருள்ள ஃபோல்டர்' என்று மெஷினுக்குப் புரியும். கழுகுக் கேள்வி வந்தது, வெறும் என்டர். விலாசத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே லேபிள் ஓடுகிறது என்று போன் வந்தது.

"இத முன்னாடியே செய்றதுக்கு இன்னா கேடு?" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார். பங்குனி முடிவதற்குள் நிரந்தர ஆணை கைக்கு வந்தது. மாமியார் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று மட்டும் கேட்டார்.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு அதெல்லாம் தெரியாது. கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது அண்ணாத்தவைப் பிடித்துக்கொண்டேன். நான் என்ன அடித்தேன் என்பதைச் சொன்னேன். அது அவருக்கு அப்போதுதான் தெரியும். நன்றி சொல்வதா நாலு சாத்து சாத்துவதா என்றே தெரியவில்லை.

"ஏன் அண்ணாத்த, ரயில் வுட வேண்டிதுதானே? அத்தினி கட்டளை கீது. அழிக்கிற கட்டளைல போயி இன்னாத்துக்குக் கேள்விய வெச்சே?"

பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை மாற்றப் போகிறார் என்று நினைத்தேன்.

"முன்ன ஒரு எடத்துல வேல செஞ்சேன்னு சொன்னேனே," என்றார். "அங்க நானும் இதே அலையத்தான் அட்ச்சேன். என்னெ ஒர்த்தரும் ஒரு கேள்வி கேக்கல தங்கச்சி."