எங்கள் பக்கத்து அடிகள்

இந்த முழங்கால்களோடு அலுமாரியைத் துப்புரவாக்குவதே பெரும்பாடு; அதற்குள் அகப்பட்ட அம்மாவின் தபசுகால நோன்புப் பாட்டுப் புத்தகத்தில் இன்னும் மெழுகுதிரி மணம் இருந்தது. அந்த மணத்தோடு நெடுந்தீவு மாதா கோயிலும், ஓட்டு இடுக்குகளில் ஊதும் கடற்காற்றும், பாயில் முழந்தாளிட்டு நாங்கள் கொட்டாவி விட்டபடி இருக்க, ஆண்கள் பக்கம் முதலடியை இழுத்து இழுத்துப் பாடி முடித்ததும் எங்கள் பெண்கள் பக்கம் இரண்டாமடியை எடுக்கும் அந்த முடிவேயில்லாத வெள்ளிக்கிழமைகளும் வந்தன.

பாடிப் பார்த்தேன். இரண்டாமடிகள் மெட்டோடு தாமாக வந்தன. முதலடிகளை வாசிக்கத்தான் முடிந்தது. எப்படிப் பாடுவதென்று தெரியவில்லை. அந்தக் கோயிலில் பாடியவர்களில் எனக்கு மிஞ்சியிருப்பவர் கனடாவில் இருக்கும் அண்ணை ஒருவர்தான். அவருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, உங்கட பக்கத்து அடியை ஒருக்காப் பாடுங்கோவன்."

 தளர்ந்த குரலில் பாடினார். பாடியது எங்கள் பக்கத்து அடியை.

"எனக்கும் இதுதான் பிள்ளை ஞாபகம் கிடக்கு. நான் எங்க பாடினனான்? உங்கட பக்கத்தைக் கேட்டுக்கொண்டெல்லோ இருந்தனான்."