கிழக்குப் பக்கம் சவரமான நாள்

குரும்பகரத்து முடிதிருத்தும் கடையில் ஒரு பேச்சு உண்டு. நாற்காலியில் உட்காருகிறவர் தாடையைத் தடவிக்கொண்டே, "கருப்பையன் வரப்பு மாதிரி வழிச்சு விடுப்பா" என்பார். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கருப்பையன் 1962 ஆவணியில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு, பதிமூன்று வயதில் மண்வெட்டி. உழவு, நடவு, அறுப்பு எல்லாம் ஊரில் மற்றவர்கள் செய்கிற மாதிரிதான் செய்வார். ஆனால் வரப்பு வெட்ட இறங்கிவிட்டால் பக்கத்து வயல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் புல்லைச் செதுக்கி, சேற்றை வாரி அப்பி, மண்வெட்டியின் முதுகால் இழைத்து விடுவார். நூல் பிடித்த மாதிரி இருக்கும். நண்டு கூட அதில் வளை போட யோசிக்கும்.

1986 தை மாதம் குஞ்சம்மாவின் அப்பா மாப்பிள்ளை பார்க்க வந்தார். வீட்டுக்கே போகவில்லை. வயலைப் பார்த்தார், அங்கிருந்தபடியே சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார்.

"எங்கப்பா வரப்பைப் பாத்துப் பொண்ணு குடுத்தாரு. மூஞ்சியப் பாத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று குஞ்சம்மா இன்றைக்கும் சொல்வார். கருப்பையனுக்கு அதில் பெருமைதான்.

அவர் முப்பது வருஷத்துக்கு மேலாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற நிலத்துக்குத் துப்பாக்கித் திடல் என்று பெயர். ஒன்றே கால் வேலி நஞ்சை, எட்டு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். நடுவில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் அளவுக்கு மேடான திடல். திடலில் பனை, வேம்பு, பூவரசு, இரண்டு இலுப்பை. காரைக்காலில் இருந்த நிலக்காரர் அந்தக் காலத்தில் குதிரை வண்டியில் வந்து, திடலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளானும் கௌதாரியும் முயலும் சுட்டுக்கொண்டு போவாராம். ஒரு தடவை மான் சுட்டதாகவும் சொல்வாராம். யாரும் நம்பவில்லை. வேட்டைக்குத் தடை வந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார்கள். அதற்குள் சுடுவதற்கும் அங்கே ஒன்றும் மிச்சமில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நிலம் இப்போது அந்த நிலக்காரருடைய பேத்தி ஜொஹராவுக்கும் பேரன் நூருல் அமீனுக்கும் பொது. ஜொஹரா காரைக்காலில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அமீன் ஷார்ஜாவில் கடை வைத்திருக்கிறார்.

2021 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, ஜொஹரா டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கி, திடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கருப்பையனின் தலையில் கல்லைப் போட்டார்.

"அண்ணே, இனிமே திடலைச் சுத்தி வெட்டாதீங்க. வயல் பக்கம் எட்டடி, திடல் பக்கம் எட்டடி, அப்படியே விட்டுடுங்க."

"விட்டா புல்லு மண்டிருமேம்மா!"

"மண்டட்டும். அதுக்குத்தான்."

டீச்சர் கீழே கிடந்த குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். வயலில் பயிர் முடிகிற இடத்தில் மரம் சுவர் மாதிரி நிற்கிறது. எந்த உயிரும் வெட்டவெளியில் இருந்து ஒரே தாவலில் தோப்புக்குள் போகாது. அதற்குப் படி வேண்டும். முதலில் குட்டைப்புல், அப்புறம் இடுப்பளவு கோரை, அப்புறம் நொச்சி, ஆவாரை, சூரைமுள் மாதிரிப் புதர், கடைசியில் மரம். ஓரம் நேராகவும் இருக்கக்கூடாது; வளைந்து நெளிந்து போகவேண்டும். அந்த ஓரத்தில்தான் மேய்ச்சலும் மறைவும் ஒன்றாகக் கிடைக்கும். பூவரசுக் கிளைகளை முழுக்க வெட்டாமல் பாதி வெட்டி மடக்கித் தரையில் சாய்க்கவேண்டும். சாய்ந்த கிளை சாகாமல் துளிர்த்துக் குடை மாதிரி நிற்கும்.

கருப்பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நேராக இருக்கக்கூடாது என்ற ஒரு வார்த்தை மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அந்த வருஷம் அவர் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. பாதையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள்.

"என்ன மாமா, திடலுக்குத் தாடி வளக்குறீங்களா?"

"வேண்டுதல்டா. பழநிக்குப் போயி எறக்கணும்."

கூட்டுறவு பால் சொசைட்டியில் ஒருத்தர், கருப்பையனுக்குக் கைநடுக்கம் வந்துவிட்டது, அதுதான் வரப்பை விட்டுவிட்டார் என்று கிளப்பிவிட்டார். கருப்பையன் அன்றைக்கே சொசைட்டி வாசலில் இருந்த புல்லைச் செதுக்கிக் காட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

2022 ஐப்பசியில் காடை வந்தது. கோரைக்குள்ளிருந்து விர்ரென்று கிளம்பி அவர் காதை உரசிக்கொண்டு போனது. கருப்பையன் பயந்து வாய்க்காலில் விழுந்தார். எழுந்து, சொட்டச் சொட்ட நின்றபடியே டீச்சருக்குப் போன் போட்டார். அன்றைக்கு மட்டும் ஏழு தடவை. ஏழாவது தடவை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. "அது இங்கதாம்மா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் கீரி. அப்புறம் கௌதாரி ஜோடி. 2023 மார்கழியில் முயல், அதன் பின்னாலேயே மோப்பம் பிடித்துக்கொண்டு நரி. கருப்பையன் திடல் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தார்.

"கட்டுன பொண்டாட்டி தூங்கறப்ப ஒரு நாள் இப்படி நடந்திருக்கீங்களா?" என்றார் குஞ்சம்மா.

"நீ என்ன, சத்தம் கேட்டா ஓடியா போயிடப்போற?"

இப்படி அவர் தலைகால் புரியாமல் திரிந்துகொண்டிருந்தபோதுதான் இடி விழுந்தது. அமீன் லீவில் வருகிறார். நிலத்தை மனை போட ஆள் பார்த்தாயிற்று. காஜா நஜ்முதீன் என்ற தரகர் முன்பணத்தோடு காத்திருக்கிறார். அக்காவும் தம்பியும் போனில் ஒரு மணி நேரம் சண்டை போட்டு, கடைசியில் அமீன் ஒரு பேச்சுக்கு வந்தாராம்: "லாத்தா, நீங்க சொல்ற காட்டு உருப்படியில அஞ்சு வகை, ஒரே காலையில, என் கண்ணுல காட்டுங்க. காட்டிட்டா விக்கிற பேச்சே எடுக்கமாட்டேன். காக்கா, நாயெல்லாம் கணக்குல சேராது."

"காட்டிப்புடலாம் இல்லண்ணே?" என்று டீச்சர் கேட்டார்.

"அஞ்சென்னம்மா, அம்பது காட்டலாம்" என்றார் கருப்பையன். மனை போட்டுவிட்டால் திடலும் போச்சு, முப்பத்தோரு வருஷச் சாகுபடியும் போச்சு. அறுபத்தோரு வயதில் இன்னொருத்தர் வரப்பை எங்கே போய்த் தேடுவது?

குறித்த நாள் 2024 பிப்ரவரி 11, ஞாயிறு, காலை ஏழு மணி.

முந்தின நாள் சனிக்கிழமை காலை கருப்பையன் பாதையில் நின்று, அமீன் எப்படிப் பார்ப்பாரோ அப்படித் திடலைப் பார்த்தார். பாதை வருவது கிழக்குப் பக்கமாக. கார் நின்றதும் முதலில் கண்ணில் படப்போவது அந்தப் பக்கந்தான். முள்ளும் புதரும் சடையுமாக, பைத்தியக்காரன் தலை மாதிரி நின்றது. நிலக்காரர் பேரன் இருபத்திரண்டு வருஷம் கழித்து வருகிறார். விருந்தாளி வருகிற வாசலை யாராவது கூட்டாமல் விடுவார்களா? மூன்று பக்கம் இருக்கிறதே, மிருகங்களுக்கு அது போதாதா? இந்த ஒரு முகத்தை மட்டுமாவது திருத்திவிட்டால் பார்க்கிறவருக்கு மரியாதையாக இருக்கும். இதைப் போய் டீச்சரிடம் கேட்டுத் தொந்தரவு பண்ணவேண்டியதில்லை என்று அவரே முடிவு பண்ணிவிட்டார்.

காலை ஆறரைக்கு அரிவாள் எடுத்தார். குஞ்சம்மாவும் இறங்கினார். மூன்று வருஷம் அடக்கி வைத்திருந்த கை. அது பாட்டுக்கு ஓடியது. நூற்றுத் தொண்ணூற்றாறு அடி நீளம், பதினாறு அடி அகலம். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கிழக்குப் பக்கம் மாப்பிள்ளை கன்னம் மாதிரி ஆயிற்று. வெட்டிய முள், கோரை, கிளை எல்லாவற்றையும் வடகிழக்கு மூலையில் போராகக் குவித்தார்கள். நெஞ்சு உயரம், இருபத்திரண்டு அடி நீளம். கருப்பையன் தீப்பெட்டியை எடுத்தார்.

"நாளைக்கு வெள்ளைச் சட்டையோட வர்றவரு. இன்னைக்குக் கரி பறக்க விடணுமா? அப்புறம் கொளுத்துங்க" என்று குஞ்சம்மா தடுத்தார். அதுவும் சரியென்று பட்டது. ஓரத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டு, பாதை முனையில் இரண்டு வாழைக்கன்றும் நட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் கார் வந்து நின்றது. டீச்சர் தம்பியோடு இறங்கினார். வாழைக்கன்றைப் பார்த்தார். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். கிழக்குப் பக்கத்தைப் பார்த்தார்.

"அல்லாவே" என்றார். தான் என்ன செய்துவைத்திருக்கிறோம் என்று கருப்பையனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனால் அமீனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லையே, இடத்தை நல்லாச் சுத்தமா வச்சிருக்கீங்களே! இப்படியே மனை போட்டுடலாம்."

குஞ்சம்மாவும் சேர்ந்துகொள்ள, நாலு பேரும் மற்ற மூன்று பக்கமும் மெதுவாக நடந்தார்கள். முந்தின நாள் பூராவும் நடந்த அமளியில் ஒன்றும் அங்கே தங்கவில்லை. ஒரு பாம்புச் சட்டை இருந்தது. "சட்டையைக் கணக்குல சேக்கமுடியாது லாத்தா, ஆளைக் காட்டுங்க" என்றார் அமீன். ஏழே முக்கால். எட்டு. எட்டேகால்.

"மான் எங்க? பாட்டனார் சுட்ட மானுக்குச் சொந்தக்காரங்க யாராவது இருப்பாங்களே" என்று அமீன் கிண்டல் பண்ணினார்.

"மானெல்லாம் கோடியக்கரையில இருக்குங்க. வரணும்னா நாகப்பட்டினத்துல பஸ் மாறணும்" என்றார் கருப்பையன். டீச்சர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் தரையைப் பார்த்தார். தரையும் அவர் செதுக்கிய தரையாகவே இருந்தது.

அப்போது அமீனின் போன் அடித்தது. தரகர் காஜா நஜ்முதீன். திடலில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. "கேக்கல பாய், இருங்க, இருங்க" என்றபடி அமீன் மேடான இடம் தேடினார். கண்ணில் பட்டது வடகிழக்கு மூலைப் போர். ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு அதன் மேல் ஏறினார். இரண்டு அடி நடந்தார். மூன்றாவது அடியில் போர் உள்வாங்கி, அமீன் இடுப்பு வரை முள்ளுக்குள் இறங்கினார்.

போர் வெடித்தது. வேறு எப்படிச் சொல்வது? முதலில் காடைக் கூட்டம், பதினொன்று, வாணம் விட்ட மாதிரி எட்டுத் திக்கும் கிளம்பியது. பின்னாலேயே கௌதாரி நான்கு, கத்திக்கொண்டு. அமீனின் கால் இடுக்கில் ஒரு முயல், கை இடுக்கில் இன்னொரு முயல்.

"முயல்! லாத்தா, முயல்! ரெண்டு!"

"என்ன பாய், முயலா விக்கிறீங்க? மனை என்னாச்சு?" என்றது போன்.

"கீரி! அந்தா ஓடுது, கீரி!" என்று கருப்பையன் குதித்தார். அறுவடை முடிந்த வயல். ஒளிய ஒரு தாள் கூடக் கிடையாது. கிழக்கில் குடியிருந்ததெல்லாம் சனிக்கிழமை வீடு இழந்து, ராத்திரி வந்து அந்தப் போருக்குள் அடைந்திருக்கிறது. காடை, கௌதாரி, முயல், கீரி. நாலு. டீச்சர் விரலை மடக்கியபடி மூச்சை நிறுத்தினார். போர் அடங்கிவிட்டது.

"நாலுதான்" என்றார் அமீன், முள்ளில் மாட்டிய சட்டையை இழுத்தபடி. "லாத்தா, நாலு..."

அவர் முகத்துக்கு நேரே, இரண்டு முழம் தள்ளி, கோரையை விலக்கிக்கொண்டு ஒரு தலை வந்தது. கூர்மூக்கு, மஞ்சள் கண். முயலைத் தேடி உள்ளே போன நரிக்கும் விடிந்துவிட்டிருந்தது. அதுவும் அமீனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அமீன் இமைக்கவில்லை. நரி ஒரு தும்மல் போட்டுவிட்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, வாழைக்கன்று நடுவாக, ராஜா மாதிரி வெளியே போனது.

"நரி" என்றார் அமீன், மெதுவாக. அப்புறம் கத்தினார். "பாய்! நரி பாய்! மூஞ்சிக்கு நேரே!"

"நரி முகத்துலயா முழிச்சீங்க? அடேயப்பா! அப்ப இன்னைக்கு எதையும் வித்துப்புடாதீங்க பாய். உங்க ராசி ஏறுமுகம். நானா இருந்தா விக்கமாட்டேன்" என்ற தரகர், என்ன சொல்கிறோம் என்று புரிந்து, "அதாவது..." என்று ஆரம்பிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

அமீன் சிரிக்க ஆரம்பித்தார். இடுப்பு வரை முள்ளில் நின்றபடி சிரித்தார். டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். கருப்பையனும் குஞ்சம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அமீனை இழுத்தெடுத்தார்கள். சட்டை மட்டும் போரிலேயே நின்றுவிட்டது.

"சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றார் அமீன் பனியனோடு. "விக்கல. ஆனா அந்தப் போரைக் கொளுத்திடாதீங்க."

கருப்பையன் டீச்சர் முன்னால் போய் நின்றார். "தப்புப் பண்ணிட்டேம்மா."

"பெரிய தப்பு" என்றார் டீச்சர். "எனக்குப் போன் பண்ணியிருக்கணும். காடைக்கு ஏழு தடவை பண்ணத் தெரியுது, இதுக்கு ஒரு தடவை பண்ணத் தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டு கிழக்குப் பக்கத்தைப் பார்த்தார். "ஆனா வெட்டாமலே விட்டாலும் நாலஞ்சு வருஷத்துல எல்லாம் மரமாயிடும், ஓரமே இருக்காது. வருஷத்துக்கு ஒரு பக்கம் வெட்டத்தான் வேணும். அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துகிட்டுத்தான் இருந்தேன். ஒரு பக்கம்னு சொன்னா நீங்க நாலு பக்கமும் வெட்டிருவீங்களேன்னு."

கருப்பையன் அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். வருஷத்துக்கு ஒரு பக்கம். வெட்டியதைப் போராகப் போட்டு வைப்பது. அரிவாள் திரும்பவும் அவர் கைக்கு வந்துவிட்டது!

2025 பிப்ரவரியில் தெற்குப் பக்கம். வளைந்து நெளிந்து வெட்டவேண்டும் என்பது ஒப்பந்தம், அப்படித்தான் வெட்டினார். பாதையிலிருந்து தெரிகிற கடைசி ஆறடியை மட்டும் நூல் பிடித்து நேராக வெட்டிக்கொண்டார். டீச்சர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார். இரண்டு போர்களிலும் இப்போது குடித்தனம் இருக்கிறது. கிழக்கில் புல் இடுப்புக்கு வந்துவிட்டது.

ஷார்ஜாவிலிருந்து அமீன் வாரம் ஒரு தடவை கருப்பையனுக்கு நேராகவே போன் பண்ணுகிறார். நரி சுகமா என்று விசாரித்துவிட்டு, கடைசியில் தவறாமல் அந்தக் கேள்வியைக் கேட்பார்.

"மான் வந்துச்சா?"

"இன்னும் இல்லீங்க" என்பார் கருப்பையன், செருப்பைக் கையில் பிடித்தபடி, குரலைத் தாழ்த்தி. "பஸ்ஸைத் தவற விட்டிருக்கும்."