ஒப்புக்கொடுத்த வலி

அம்மாவின் இடுப்பெலும்புவரை புற்று பரவியிருந்த நாட்களில், நோயாளிகளின் வலியையும் உறக்கத்தையும் ஆராயும் செவிலியர் ஒருவர் மருத்துவமனைப் படுக்கையருகே வந்து அமர்ந்தார். பூச்சியம் முதல் பத்துவரை வலிக்கு ஓர் எண் கேட்டார். போர்வையின் ஓரத்தைக் கடித்துக் கிடந்த அம்மா அதை விடுவித்து, "ஒண்ணுமில்லம்மா, பூச்சியம்" என்றாள்.

"பொய்!" என்றேன். கல்லூரிப் பட்டிமன்ற மேடையில் எதிரணியை நோக்கிக்கூட நான் அத்தனை சினத்தோடு பேசியதில்லை.

"நோயாளி சொல்றதத்தான் நாங்க எடுத்துக்கணும். அத வச்சுத்தான் டாக்டர் மருந்தக் கூட்டுவாங்க" என்றார் செவிலியர்.

அம்மா என்னை அதட்டினாள். "ஏளா, ஆளுக முன்னால கத்தாத. இந்த வலிய மாதாவுக்கு ஒப்புக்கொடுத்திருக்கேன். வெளிய சொன்னா பலிக்காது."

"யாருக்காகம்மா?"

"ஒனக்குத்தான். நல்ல வேல கிடைக்கணும்லா."

துன்பத்தை முணுமுணுக்காமல் சுமப்பதே செபம் என்று இந்தத் தூத்துக்குடிக் கரையின் பெண்களுக்குக் கற்பித்தவர்களில் ஒருவராவது எலும்பு நொறுங்கும் வலியில் கிடந்திருப்பாரா? என் வாழ்வுக்கு விலையாக ஒரு தாயின் வேதனையை எந்த மாதா கேட்பாள்?

"அப்படி வார வேல எனக்கு வேண்டாம். கிடைச்சாலும் போகமாட்டேன். மாதாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

அம்மா என்னை முறைத்தாள். பிறகு செவிலியரிடம், "ஒம்பதுன்னு போட்டுக்கோம்மா. இவ வாய்க்கு யாரு பதில் சொல்ல?" என்றாள்.